லாங்வால் சுரங்கத்துக்கு மேலே நிலம் இறங்குவதை அளப்பது எப்படி

நிலக்கரிச் சுரங்கம் என்றால் நம்மில் பலருக்கு நெய்வேலிதான் நினைவுக்கு வரும். அது திறந்தவெளிச் சுரங்கம். மேல்மண்ணையே அள்ளி எடுத்துவிடுவதால் அங்கே கதை வேறு. இங்கே பேசப்போவது, தரைக்கு நானூறு ஐந்நூறு மீட்டர் கீழே கரியைச் சீவி எடுத்துக்கொண்டிருக்க, மேலே வீடும் ரயிலும் நெடுஞ்சாலையும் தம்பாட்டுக்கு இயங்கிக்கொண்டிருக்கும் இடங்களைப் பற்றி. இந்தியாவில் இந்த லாங்வால் முறை குறைவு. சிங்கரேணியின் அட்ரியாலா, ஜார்க்கண்டில் மூனிடி, மேற்கு வங்கத்தில் ஜாஞ்ச்ரா என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால் உதாரணங்களை ஆஸ்திரேலியாவிலிருந்து எடுக்கிறேன்: சிட்னிக்குத் தென்மேற்கே ஆப்பின், டாமூர், ஹெலன்ஸ்பர்க் வட்டாரம். அங்கே புல்லாய் அடுக்கு என்ற கரி, பெரும்பாலும் 400 முதல் 550 மீட்டர் ஆழத்தில், இரண்டு மூன்று மீட்டர் தடிமனில் கிடக்கிறது. மேலே ஊர், ஆறு, ரயில் எல்லாமே இருப்பதால், அளப்பதில் என்னென்ன சிக்கல் வருமோ அத்தனையும் அங்கே வந்திருக்கிறது.

வேலை நடக்கும் விதம் தெரியாதவர்களுக்கு மட்டும்: 250, 300 மீட்டர் அகலமும் சில கிலோமீட்டர் நீளமும் உள்ள ஒரு செவ்வகத்தைப் பேனல் என்கிறோம். அதன் ஒரு முனையில் ஷியரர் இயந்திரம் குறுக்கே ஓடி ஓடிக் கரியைச் சீவும். ஹைட்ராலிக் தாங்கிகள் கூரையைப் பிடித்துக்கொண்டே முன்னே நகரும், அவை விட்டுவிட்டு வந்த இடத்தில் கூரை இடிந்து விழும். இடிந்து கிடக்கும் பகுதி கோஃப், கரி வெட்டும் முகப்பு ஃபேஸ். ஃபேஸ் வாரத்துக்குச் சில பத்து மீட்டர் நகர்ந்துகொண்டே இருக்கும், அதன் பின்னாலேயே மேலே தரையும் இறங்கிக்கொண்டே வரும். விபத்து இல்லை, திட்டமிட்டே இறக்குகிறார்கள். நம் வேலை, இறங்குவது சொன்னபடிதான் இறங்குகிறதா என்று பார்ப்பது.

எண் ஒன்று இல்லை, நான்கு

புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி "மொத்தம் எவ்வளவு இறங்கியது?" என்பதுதான். பத்திரிகைக்காரர்களும் அதையே கேட்பார்கள். உண்மையில் அந்த எண்ணுக்குத் தனியாகப் பெரிய அர்த்தம் இல்லை. ஒரு வீடு முழுக்க ஒரே சீராக ஒரு மீட்டர் இறங்கினால் சுவரில் ஒரு கீறல்கூட விழாது. அதே வீட்டின் ஒரு மூலைக்கும் மறுமூலைக்கும் நூறு மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தால் கதவு மூடாது. அதனால் இறக்கத்திலிருந்து இன்னும் மூன்று எண்களை எடுக்கிறோம். பக்கத்துப் பக்கத்துப் பெக்குகளின் (அளப்பதற்காகத் தரையில் அடித்து வைக்கும் குறிக்கம்பிகள்) இறக்க வித்தியாசத்தை இடைத்தூரத்தால் வகுத்தால் சாய்வு. அந்தச் சாய்வு எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பது வளைவு. இரண்டு பெக்குகளுக்கு நடுவே தரை நீண்டதா சுருங்கியதா என்பது ஸ்ட்ரெயின். சேதம் செய்வது பெரும்பாலும் கடைசி இரண்டும்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இருபது மீட்டர் இடைவெளியில் 14, 15, 16 என்று மூன்று பெக்குகள். இறக்கம் முறையே 212, 304, 372 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 14க்கும் 15க்கும் நடுவே சாய்வு 92ஐ 20ஆல் வகுத்தால் மீட்டருக்கு 4.6 மி.மீ. அடுத்த இடைவெளியில் 68ஐ 20ஆல் வகுத்தால் 3.4. சாய்வு 20 மீட்டரில் 1.2 மாறியிருக்கிறது, ஆக வளைவு கிலோமீட்டருக்கு 0.06, அதாவது சுமார் 17 கிலோமீட்டர் ஆரம். சாய்வு குறைந்துகொண்டே போவதால் பள்ளத்தின் அடிப்பக்கத்தை நெருங்குகிறோம், தரை குழிவாக வளைகிறது, அங்கே அமுக்கம் இருக்க வேண்டும். அந்த வட்டாரத்தில் வளைவை 15ஆல் பெருக்கினால் வழக்கமான ஸ்ட்ரெயின் கிடைக்கும் என்று ஒரு கைக்கணக்கு உண்டு (வடக்கே நியூகாசில் பக்கம் 10). இங்கே மீட்டருக்கு 0.9 மி.மீ. வருகிறது. இப்போது நேரடியாக அளந்த தூரம் 20.004 மீட்டரிலிருந்து 19.990 ஆகியிருந்தால் 14 மி.மீ. சுருக்கம், மீட்டருக்கு 0.7. சரி, கணக்கும் தரையும் ஒத்துப்போகின்றன. மாறாக அளவு 3 அல்லது 4 என்று வந்தால், ஒன்று நீங்கள் தவறாக அளந்திருக்கிறீர்கள், இல்லையென்றால் அடியில் ஏதோ பாறைப்பிளவு எல்லா நகர்வையும் ஒரே இடத்தில் வாங்கிக்கொண்டிருக்கிறது. இரண்டில் எது என்று அன்றைக்கே போய்ப் பார்க்க வேண்டும், அறிக்கை எழுதும்வரை காத்திருக்கக் கூடாது.

கோடு எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும்

கயிற்றுக் கட்டிலில் ஒருவர் உட்கார்ந்தால் உட்கார்ந்த இடம் மட்டுமா தாழ்கிறது, சுற்றிலும் கொஞ்ச தூரம் சேர்ந்தே தாழ்கிறது. தரையும் அப்படித்தான். பேனலின் விளிம்பிலிருந்து செங்குத்தாக மேலே வராமல் வெளிப்பக்கம் சாய்ந்து பரவும். சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இந்தச் சாய்கோணத்தை வழக்கமாக 26.5 டிகிரி என்று எடுப்பார்கள். அதாவது ஆழத்தில் பாதி. 480 மீட்டர் ஆழம் என்றால் பேனல் விளிம்பிலிருந்து 240 மீட்டர் தள்ளி வரை. பிரிட்டனில் பழைய வழக்கம் 35 டிகிரி, ஆழத்தில் பத்தில் ஏழு பங்கு. இந்த எல்லையில் இறக்கம் சுழியமாகிவிடும் என்று அர்த்தம் இல்லை, 20 மி.மீ.க்குக் கீழே போய்விடும் என்றுதான் கணக்கு. ஏன் 20? மழையிலும் வெயிலிலும் களிமண் தானாகவே அந்த அளவுக்கு உப்பும், சுருங்கும். அதற்குக் கீழே எது சுரங்கத்தால் வந்தது, எது மழையால் வந்தது என்று பிரிக்க முடியாது.

அதனால் அளவைக் கோடு அந்த எல்லையைத் தாண்டி இன்னும் கொஞ்ச தூரம் போக வேண்டும். பேனலுக்குக் குறுக்கே ஒன்று, நீளவாக்கில் ஒன்று, குறைந்தபட்சம் இவ்வளவு. பெக் இடைவெளிக்கு ஆழத்தை 20ஆல் வகுப்பது ஒரு நல்ல தொடக்கம். ஆனால் நடைமுறையில் 20 மீட்டருக்கு மேல் போக வேண்டாம் என்பேன், ஏனென்றால் இடைவெளி கூடக்கூடக் கூர்மையான வளைவுகள் சராசரியில் கரைந்து காணாமல் போய்விடும்.

இனி எல்லாரும் சறுக்கும் இடம், பெஞ்ச்மார்க். நிலம் இறங்குவதை அளக்க இறங்காத ஒரு புள்ளி வேண்டும். சாய்கோண எல்லைக்கு வெளியே வைத்துவிட்டால் போதும் என்று நினைப்பார்கள். உயரத்துக்கு ஓரளவு போதும், கிடைநகர்வுக்குப் போதாது. ஆழ்ந்த பள்ளத்தாக்குகள் உள்ள இந்த வட்டாரத்தில் பேனலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் தரை சில பத்து மில்லிமீட்டர் கிடையாக நகர்ந்ததை அளந்திருக்கிறார்கள். பாறைக்குள் ஏற்கெனவே இருக்கும் கிடை அழுத்தம், ஒரு பக்கம் கரி போனதும் அந்தப் பக்கம் தளர்வதே காரணம். உங்கள் ஆதாரப் புள்ளியும் அதோடு சேர்ந்து நகர்ந்தால் கணக்கில் எல்லாம் அழகாகத்தான் தெரியும். ஆகவே முக்கியமான ஆதாரப் புள்ளிகளைச் சில கிலோமீட்டர் தள்ளி, பாறையில், ஒன்றுக்கொன்று வேறு வேறு திசையில் வையுங்கள். ஒவ்வொரு முறையும் அவற்றை ஜிஎன்எஸ்எஸ் (ஜிபிஎஸ் போன்ற செயற்கைக்கோள் இடங்காட்டி) மூலம் ஒன்றோடொன்று சரிபாருங்கள். ஒற்றை பெஞ்ச்மார்க்கை நம்பி ஒரு திட்டத்தையே ஓட்டுவதைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும்.

பெக் அடிப்பது

இதைச் சின்ன வேலை என்று உதவியாளரிடம் விட்டுவிடுவார்கள். அளவின் தரம் பாதி இங்கேதான் முடிவாகிறது. மேல்மண்ணில் ஒரு அடி மரக்குச்சியை அறைந்தால் நீங்கள் அளப்பது சுரங்கத்தை அல்ல, போன வார மழையை. எஃகுக் கம்பியை அது மேற்கொண்டு இறங்க மறுக்கும்வரை அடியுங்கள், களிமண்ணாக இருந்தால் மேல்பகுதிக்கு ஒரு குழாய் உறை போட்டு மண் கம்பியைப் பிடித்து இழுக்காமல் பாருங்கள். தலை வட்டமாக இருக்கட்டும், ஸ்டாஃப் (உயரம் பார்க்கப் பெக்கின் மேல் நிறுத்தும் அளவுக்கோல்) ஒவ்வொரு முறையும் அதே உச்சியில் உட்காரும். தரைமட்டத்துக்குக் கொஞ்சம் கீழே வைத்து மூடி போட்டால் மாடும் புல்வெட்டும் வண்டியும் தொடாது. சாலை ஓரம் என்றால் அடிப்பதற்கு முன் கேஸ் குழாய், கேபிள் எங்கே போகிறது என்ற வரைபடத்தை வாங்குங்கள், சொல்லவே வேண்டாம்.

பெக் காணாமல் போகத்தான் போகும். அப்போது பக்கத்தில் புதிதாக அடித்து, அதுவரை இருந்த இறக்கத்தை அக்கம்பக்கப் பெக்குகளை வைத்து மதிப்பிட்டுத் தொடரலாம். ஆனால் அந்த எண் அளந்தது அல்ல, மதிப்பிட்டது என்று அட்டவணையில் குறியிடுங்கள். இல்லையென்றால் அந்த ஒரு பெக்கில் மட்டும் பயங்கரமான வளைவு தெரியும், இரண்டு வருடம் கழித்து யாரோ ஒருவர் அதை வைத்து ஒரு கட்டுரையே எழுதுவார்.

உயரத்துக்கு டிஜிட்டல் லெவலும் பார்கோடு ஸ்டாஃபும்தான் இன்றைக்கும் ராஜா. ஒரு கிலோமீட்டருக்கு ஓரிரு மில்லிமீட்டர் துல்லியம் சாதாரணமாகக் கிடைக்கும். ஆர்டிகே ஜிஎன்எஸ்எஸ் (நின்ற இடத்திலேயே உடனுக்குடன் அளவு தருவது) வேகமானது, ஆனால் உயரத்தில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆடும், சாய்வும் வளைவும் எடுக்க அது உதவாது. தூரத்தை டோட்டல் ஸ்டேஷனில் (கோணமும் தூரமும் அளக்கும் கருவி) எடுக்கும்போது ஒன்றை மறக்காதீர்கள்: 20 மீட்டரில் 3 மி.மீ. பிழை என்றால் ஸ்ட்ரெயினில் 0.15, முதல் அளவு, இப்போதைய அளவு இரண்டிலும் பிழை உண்டு என்பதால் 0.2ஐத் தொடும். எனவே 0.2 என்ற ஸ்ட்ரெயினைக் கண்டு யாரும் பதறத் தேவையில்லை.

முதல் அளவும் ஃபேஸின் இடமும்

ஃபேஸ் வருவதற்கு முன்பே அடிப்படை அளவு எடுத்துவிட வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். எவ்வளவு முன்பே என்பதில்தான் கஞ்சத்தனம். ஒரே ஒருமுறை அளந்தால் அந்த அளவில் இருக்கும் பிழை கடைசிவரை எல்லா முடிவிலும் ஒட்டிக்கொண்டே வரும். குறைந்தது இருமுறை, முடிந்தால் ஒரு மழைக்காலமும் ஒரு வறண்ட காலமும் பார்த்தபடி எடுங்கள். அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் இடத்தின் இயல்பான ஆட்டம். அதை வைத்துத்தான் பிறகு "இது சுரங்கத்தால் வந்தது" என்று தைரியமாகச் சொல்ல முடியும்.

அப்புறம், தேதி மட்டும் போட்ட அளவு பாதி அளவுதான். ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் அன்றைக்கு ஃபேஸ் எங்கே இருந்தது என்பதை மீட்டரில் எழுதுங்கள். சுரங்கத்து சர்வேயரிடம் கேட்டால் தருவார். ஒரு பெக்குக்கு நேர் கீழே ஃபேஸ் வரும்போது மொத்த இறக்கத்தில் சிறு பங்குதான் நடந்திருக்கும். பெரும்பங்கு ஃபேஸ் கடந்துபோன பிறகு, அது சில நூறு மீட்டர் போவதற்குள் நடந்து முடியும். இறக்கத்தை நாளுக்கு எதிராக வரையாமல் ஃபேஸ் தூரத்துக்கு எதிராக வரைந்து பாருங்கள், எல்லாப் பெக்கும் ஏறத்தாழ ஒரே எஸ் வடிவ வளைகோட்டில் வரும். எது அந்தக் கோட்டில் வராமல் முரண்டு பிடிக்கிறதோ அதைத்தான் கவனிக்க வேண்டும். சுரங்கம் இரண்டு வாரம் நின்றுபோனால் நாள் கணக்கில் வரைந்த படம் குழப்பும், தூரக் கணக்கில் வரைந்தது குழப்பாது. எப்போதெல்லாம் அளப்பது என்பதையும் இதே மாதிரி ஃபேஸ் தூரத்தை வைத்தே திட்டமிடுங்கள். தொலைவில் இருக்கும்போது எப்போதாவது, பக்கத்தில் வந்ததும் வாராவாரம், கடந்து நன்றாகத் தள்ளிப்போன பிறகு மறுபடி மெதுவாக.

வானத்திலிருந்து அளப்பது

செயற்கைக்கோள் ரேடாரை, அதாவது இன்சாரை, வைத்து எல்லாம் அளந்துவிடலாம், பெக் எதற்கு என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். சென்டினல்-1 செயற்கைக்கோள் படங்கள் இலவசம், ஒரே செயற்கைக்கோள் 12 நாளுக்கு ஒருமுறை அதே பாதைக்குத் திரும்பும். அதன் அலைநீளம் 5.6 செ.மீ. என்பதால் படத்தில் ஒரு வண்ண வளையம் 2.8 செ.மீ. நகர்வைக் குறிக்கும். ஆனால் லாங்வாலுக்கு மேலே தரை சில வாரங்களிலேயே அரை மீட்டர் இறங்கக்கூடும். வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி, எண்ணவே முடியாமல் குழைந்துவிடும், மென்பொருள் அப்போதும் ஏதோ ஒரு எண்ணைத் தரும் என்பதுதான் ஆபத்து. பள்ளத்தின் நடுவே இறக்கத்தைக் குறைத்துக் காட்டும் இன்சார் படங்கள் இப்படித்தான் பிறக்கின்றன. காடும் புதரும் இருந்தால் இன்னும் மோசம்.

அதற்காக இன்சாரைத் தூக்கி எறிய வேண்டாம். விளிம்பில், வெகுதூரத்தில், மெதுவாக, சில மில்லிமீட்டர் நகரும் இடங்களைப் பார்க்க அதைவிட நல்ல கருவி இல்லை. உங்கள் பெஞ்ச்மார்க் நகர்கிறதா என்று பார்க்கவும் உதவும். நீண்ட அலைநீளமுள்ள எல்-பேண்ட் ரேடார் இந்த வேலைக்கு இன்னும் பொருத்தம். நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்து, 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய நிசார் செயற்கைக்கோளில் எல்-பேண்டும் எஸ்-பேண்டும் இருக்கின்றன. சுரங்கக்காரர்கள் அதன் மேல் ஒரு கண் வைத்திருப்பது நல்லது. விமானத்திலிருந்து லேசரால் அளக்கும் லைடாரில் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் பிழை வரும், பள்ளத்தின் முழு வடிவத்தையும் பார்க்க அது போதும், ஸ்ட்ரெயினுக்கு உதவாது.

ரயிலும் சாலையும்

இங்கே பெக் அளவு மட்டும் போதவே போதாது. எஃகு ஒரு டிகிரி சூட்டுக்கு மீட்டருக்குச் சுமார் 0.0115 மி.மீ. விரியும். தரையில் வரும் மீட்டருக்கு 1 மி.மீ. அமுக்கம் அப்படியே தண்டவாளத்தில் ஏறினால், அந்தத் தண்டவாளத்தை 87 டிகிரி சூடாக்கியதற்குச் சமம். ஜனவரி வெயிலில் (அங்கே அதுதான் கோடை) ஏற்கெனவே நெளியத் துடிக்கும் தண்டவாளத்துக்கு இது தாங்காது. டாமூரில் சிட்னியையும் மெல்பர்னையும் இணைக்கும் ரயில் பாதைக்கு அடியிலேயே வெட்டினார்கள், ரயிலை நிறுத்தாமல். தண்டவாளம் நீளவும் சுருங்கவும் இடம் கொடுக்கும் விரிவு இணைப்புகளைப் போட்டு, தண்டவாளத்தின் அழுத்தத்தையும் சூட்டையும் தானியங்கிக் கருவிகளால் இடைவிடாமல் பார்த்துக்கொண்டு, கூடவே ஆள் நடந்து போய்க் கண்ணாலும் பார்த்து. வாராந்திர லெவல் அளவு இதில் பின்னணிதான், எச்சரிக்கை மணி அடிப்பது கருவிகள்.

ஆப்பின் பக்கம் ஹியூம் நெடுஞ்சாலையில் இன்னொரு விதம். கெட்டியான சாலைப் படுகை அமுக்கத்தைத் தாங்காமல் திடீரென்று மேடாகப் புடைத்தால் நூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி என்ன ஆகும்? அதனால் முன்கூட்டியே சாலையைக் குறுக்கே அறுத்து, மெத்தென்ற தாரால் நிரப்பி, அமுக்கம் அங்கே போய் அடங்கும்படி செய்தார்கள். சாலைக்குள் ஒளியிழை உணரிகளையும் பதித்தார்கள். நீங்கள் இப்படிப்பட்ட வேலையில் இருந்தால், அளவு எந்த எண்ணைத் தாண்டினால் யாருக்கு எத்தனை நிமிடத்தில் போன் போக வேண்டும், வேகத்தைக் குறைக்கவும் பாதையை மூடவும் யாருக்கு அதிகாரம் என்பதை ஃபேஸ் வருவதற்கு முன்பே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அதிகாலை மூன்று மணிக்கு அதை விவாதிக்க முடியாது.

ஆறு

பள்ளத்தாக்கில் தரை நடந்துகொள்ளும் விதமே வேறு. இருபுறச் சரிவுகளும் ஒன்றையொன்று நோக்கி நெருங்கும், நடுவே ஆற்றுப்படுகைப் பாறை நெரிபட்டு மேல்நோக்கி எழும்பி விரிசல் விடும். சுற்றிலும் தரை இறங்க, படுகை மட்டும் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இறங்கியிருக்கும். கேட்டராக்ட் ஆற்றில் 1990களில் படுகை வெடித்துத் தண்ணீர் பாறைக்கு அடியில் போனது, மீத்தேன் குமிழிகள் எழும்பின. ஹெலன்ஸ்பர்க் அருகே வாரட்டா ஓடையிலும் படுகை வெடித்துத் தண்ணீர் அடியில் இறங்கியது. இயற்கை அமைப்புகளுக்கு வந்த இந்தப் பாதிப்புகளை ஆராய மாநில அரசு ஒரு குழுவையே போட்டது, அதன் அறிக்கை 2008இல் வந்தது.

ஆகவே ஆற்றுக்குக் குறுக்கே, இரு கரைப் பாறைகளிலும் நிலையான ப்ரிஸம் குறிகளை (கருவியின் ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடிகள்) வைத்து நெருக்கத்தை அளங்கள். படுகைப் பாறையில் பெக்குகளை ஐந்து பத்து மீட்டருக்கு ஒன்றாக நெருக்கி வையுங்கள், எழும்புதல் குறுகிய இடத்திலேயே முடிந்துவிடும். ஒவ்வொரு மடுவிலும் நீர்மட்டப் பதிவுக் கருவி. சுரங்கத்தின் பாதிப்பு எட்டாத மேல்நீரோட்டத்தில் ஒரு மடுவிலும் அதே கருவி வேண்டும், கூடவே ஒரு மழைமானி. அது இல்லாமல் மடு வற்றினால் "வறட்சி" என்று ஒரு பக்கமும் "சுரங்கம்" என்று மறுபக்கமும் சண்டை தீராது. மழை நின்ற பிறகு மட்டம் இறங்கும் வேகத்தை முன்பு இருந்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள், விரிசல் விழுந்தால் முதலில் மாறுவது அதுதான். கீழே தண்ணீர் மறுபடி வெளிவரும் இடத்தில் ஆரஞ்சு நிறத்தில் இரும்புக் கறை படிந்திருக்கும், போட்டோ எடுத்து வையுங்கள். செங்குத்துப் பாறைக்கு அடியில் நின்று மட்டும் அளக்காதீர்கள், ஃபேஸ் பக்கத்தில் இருக்கும்போது அவை இடியும்.

வீடு

உங்கள் வீட்டுக்கடியில் பேனல் வருகிறது என்று கடிதம் வந்திருந்தால், அளவைக்காரர்களை மட்டும் நம்பி இருக்காதீர்கள். வெட்டுவதற்கு முன் வீட்டை ஆய்வு செய்யச் சொல்லிக் கேளுங்கள். நீங்களும் ஒவ்வொரு அறையாக, ஏற்கெனவே இருக்கும் விரிசல்களை ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினால் நீள்கிறதா என்று தெரியும். ஆஸ்திரேலிய வீட்டு அடித்தளத் தரத்தின்படி 0.1 மி.மீ.க்குக் கீழே மயிரிழை, 5 மி.மீ. வரை பூசி சரிசெய்யக்கூடியது, 5ஐத் தாண்டினால் செங்கல்லைப் பிரிக்கும் வேலை வரக்கூடும். ஆனால் பெரும்பாலான வீடுகளில் முதலில் காட்டிக்கொடுப்பது சுவர் இல்லை. ஒட்டும் கதவு, ஒரு பக்கம் தேங்கும் குளியலறைத் தண்ணீர், எதிர்ப்பக்கம் ஓடும் கூரைத் தகரக்கால்வாய், இவைதான். நியூ சவுத் வேல்ஸில் இழப்பீட்டுக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, சப்சிடென்ஸ் அட்வைசரி என்ற அரசு அலுவலகம் இருக்கிறது. அங்கே போகும்போது தேதியிட்ட படங்கள் கையில் இருந்தால் பேச்சு சுருங்கும்.

எப்போது நிறுத்துவது

ஃபேஸ் பேனலின் முடிவுக்கு வந்துவிட்டது, அடுத்தடுத்த அளவுகளில் மாற்றம் அளவீட்டுப் பிழைக்குள் அடங்கிவிட்டது என்றால் இறுதி அளவு எடுத்து அந்தப் பேனலை மூடலாம். கோட்டை மூடிவிடாதீர்கள். பக்கத்துப் பேனல் தொடங்கியதும் இரண்டுக்கும் நடுவே விட்ட கரித்தூண் அமுங்கி, அடங்கிவிட்டது என்று நினைத்த பெக்குகள் மறுபடி இறங்கத் தொடங்கும். நான்கைந்து பேனல் முடிந்த பிறகுதான் அந்த இடத்தின் மொத்த இறக்கம் தெரியவரும். அதனால் ஒவ்வொரு பேனலுக்கும் கூடுதல் இறக்கம் தனியாக, மொத்தம் தனியாக என்று இரண்டு நிரல் வையுங்கள். கச்சா அளவுப் புத்தகத்தையும் கருவிக் கோப்புகளையும் பத்திரப்படுத்துங்கள். பெக்குகளின் மூடிகளைத் திறந்து, எண் தகடு இன்னும் படிக்கும்படி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், அடுத்த முறை வருவது நீங்களாக இல்லாமல் போகலாம்.